தூக்கிப் பார்த்த வண்டி

சிவப்பு டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சுற்றி நின்ற வண்டிகள் எல்லாமே ராணுவப் பச்சையில் மின்னிக்கொண்டிருந்தன. ஜீப்புகள், லாரிகள், சைடுகார் பூட்டிய பிஎம்டபிள்யூ, தோல் பைகள் தொங்கும் ஹார்லி. எல்லாவற்றிலும் வெள்ளை நட்சத்திரமோ படைப்பிரிவுச் சின்னமோ புத்தம் புதிதாக எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே மரவேலி ஓரமாக, யாரோ கடைக்குப் போவதற்காக நிறுத்திவிட்டுப் போனதுபோல ஒரு சின்ன சிவப்பு வண்டி. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட். பிரஷ் இழுத்த கோடு தெரிந்தது. டேங்கின் வலது பக்கத்தில் மட்டும் அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அடியில் மங்கலான பச்சை.

நான் நின்றுகொண்டிருந்த இடம் நெதர்லாந்தில் ஏடெ என்ற ஊருக்கு அருகில் இருக்கும் கிங்கெல் புதர்வெளி. ஹீதர் செடிகள் பூத்து ஓய்ந்து, ஊதா நிறம் வாடிப்போய்க் கிடந்த நேரம். 1944 செப்டம்பர் 18 அன்று பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் இறங்கிய வெளி இது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அதன் நினைவாக இங்கே மறுபடியும் பாராசூட்டில் குதிப்பார்கள். அதைப் பார்க்க ஜனம் திரளும். போர்க்காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

நான் இதே நாட்டில் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. செப்டம்பர் 18 எங்கள் ஊர் ஜெர்மன் பிடியில் இருந்து விடுதலையான நாளும்கூட. அன்று மாலை தெருவெல்லாம் விளக்கு ஏற்றுவார்கள். முதல் வருடம் அதைத் தீபாவளி மாதிரி வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் எதற்காக ஏற்றுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். ஆனால் அன்றைக்கு நான் ஏடெ வரை போனது போர் வரலாற்றுக்காக இல்லை, என் அப்பாவுக்காக. அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதினால் கிளம்புவார், சங்கு ஊதினால் திரும்புவார். காக்கிச் சட்டையில் எப்போதும் கிரீஸ் வாசம் இருக்கும். இங்கே பழைய வண்டி எதைப் பார்த்தாலும் அவருக்குப் போட்டோ எடுத்து அனுப்புவது என் வழக்கம். கிங்கெல் வெளிக்கு ராயல் என்ஃபீல்டின் பழைய வண்டி ஒன்றிரண்டு வரும் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். சரி, போய்ப் பார்ப்போம் என்று ரயில் ஏறினேன்.

அந்தச் சிவப்பு வண்டிதான் ராயல் என்ஃபீல்டு.

ராணுவம் அதற்கு வைத்த பெயர் டபிள்யூடி/ஆர்இ. வீரர்கள் வைத்த பெயர் ஃபிளையிங் ஃபிளீ, அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. புல்லட்டை மனதில் வைத்துக்கொண்டு இதன் முன்னால் போய் நின்றால் முதலில் நம்பவே முடியாது. நம் ஊர் டிவிஎஸ் 50ஐ நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஜாதி. 125 சிசி, ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். மூன்று கியர். காலால் போடும் கியர் இல்லை, டேங்கை ஒட்டி நிற்கும் ஒரு கம்பியைக் கையால் தள்ள வேண்டும். வலது கை ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி வந்து கியர் போட்டுவிட்டு மறுபடியும் மேலே போக வேண்டும். முழுசாக முடுக்கினால் மணிக்கு 65, 70 கிலோமீட்டர் போகும். எடை ஏறக்குறைய 59 கிலோ.

இந்த எடைதான் விஷயம். மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

வண்டிக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். பால்பண்ணைகளில் இயந்திரம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவராம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் டேங்கின் பச்சைத் திட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு எழுந்து வந்தார். அவர் பேசியது டச்சு பாதி, ஆங்கிலம் பாதி. என் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று சொன்னதும் காபி டம்ளரை அப்படியே புல்லில் வைத்துவிட்டார். “சென்னையா?” என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரித்தார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்த வேலியை விட்டு நான் நகரவில்லை.

முதலில் ஹேண்டில்பாரைக் காட்டினார். நடுவில் கையாலேயே திருகக்கூடிய திருகுகள். அவற்றைத் தளர்த்தினால் ஹேண்டில்பார் சுழன்று வண்டியின் நீளத்துக்கே திரும்பிக்கொள்ளும். ஸ்பேனர் தேவையில்லை. கால் வைக்கும் கட்டையும் கிக்கரும் மடங்கும். கொஞ்ச நேரத்தில் ஓட்டுகிற வண்டி ஓர் ஒல்லியான பொட்டலம் ஆகிவிடுகிறது. அந்தப் பொட்டலத்தை இரும்புக் குழாயால் செய்த ஒரு கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, கூண்டோடு பாராசூட் கட்டி விமானத்தில் இருந்து தள்ளினார்கள். தலைகீழாகத் தொங்கினாலும் பெட்ரோல் கொட்டக்கூடாது என்பதால் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளையை அடைத்துக்கொள்ள ஒரு வழி. எதிரிக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்பதால் ஒன்றுக்கு இரண்டாகச் சைலன்சர். ஒவ்வொரு உறுப்பிலும் யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து, இருட்டில், பயத்தில், கை நடுங்குகிற ஒருவன் இதை எப்படிப் பிரிப்பான் என்று யோசித்திருக்கிறார். அது தெரிகிறது. அழகு என்று யாரும் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் அந்தத் திருகைக் கையில் பிடித்துத் திருப்பும்போது எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இல்லை. அதற்குப் பதில் தடித்த ரப்பர் வளையங்கள். பள்ளத்தில் இறங்கும்போது அவை இழுபட்டுச் சுருங்கும், அவ்வளவுதான் சஸ்பென்ஷன். பின்னால் அதுவும் கிடையாது, சீட்டின் சுருள்தான். அந்த ரப்பரை நான் நெருக்கத்தில் ஒரு படம் எடுத்தேன். அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று அப்போதே தெரியும்.

இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பதைப் பெரியவர் சொல்லும்போது கை நீட்டி மேற்குப் பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் ராட்டர்டாம். கதை அங்கேதான் தொடங்குகிறது. 1930களில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், சோப்பாவ் என்ற ஊரில் டிகேடபிள்யூ நிறுவனம் ஆர்டி 100 என்று ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டி செய்துகொண்டிருந்தது. மலிவு, எளிமை, பழுது குறைவு. நெதர்லாந்தில் அதை இறக்குமதி செய்து விற்றவர்கள் ராட்டர்டாமின் ஸ்டோக்விஸ் என்ற வணிக நிறுவனம். அதன் இயக்குநர்களில் யூதர்கள் இருந்தார்கள். ஹிட்லரின் ஆட்சியில் அது ஒன்றே போதுமான காரணம், விற்பனை உரிமையைப் பறித்துவிட்டார்கள்.

ஸ்டோக்விஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே அவர்களுக்குப் பழக்கமான ராயல் என்ஃபீல்டிடம் போய், இதே போல ஒரு வண்டி எங்களுக்குச் செய்து தாருங்கள் என்று கேட்டார்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலை அது. ரெட்டிச் ஊசிக்குப் பேர்போன ஊர். ராயல் என்ஃபீல்டின் மூதாதை நிறுவனமே தையல் ஊசி செய்துகொண்டிருந்ததுதான். அவர்கள் ஜெர்மன் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, இன்ஜினை 125 சிசிக்குப் பெரிதாக்கி, மற்றதையெல்லாம் ஏறக்குறைய அப்படியே வைத்துச் செய்து கொடுத்தார்கள். 1939 ஏப்ரலில் ராட்டர்டாமில் அதைக் காட்சிக்கு வைத்தபோது பெயர் ராயல் பேபி. ஐந்து மாதத்தில் போர் தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாமின் நடுப்பகுதியையே குண்டு போட்டு எரித்தன.

ஆக, யூதர்களுக்கு விற்க மாட்டோம் என்று ஜெர்மனி மறுத்த வண்டியின் நகல், அதே ஜெர்மனியை எதிர்த்து வானத்தில் இருந்து இறங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருந்த ராணுவத்திடமும் அதன் அண்ணன் மாதிரி டிகேடபிள்யூ ஆர்டி 125 இருந்தது. போர் முடிந்த பிறகு அந்த ஜெர்மன் வரைபடத்தை நஷ்டஈடாக எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பேன்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, ரஷ்யாவில் மாஸ்க்வா என்று வரிசையாக வந்தன. ஜப்பானில் யமாஹா 1955ல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதைப் பார்த்துச் செய்ததுதான். ஒரு சின்ன இன்ஜினின் சந்ததி இவ்வளவு தூரம் போயிருக்கிறது. மற்ற நாடுகள் போர் முடிந்த பிறகு எடுத்துக்கொண்டதை ராட்டர்டாம் வியாபாரிகளின் பிடிவாதத்தால் ராயல் என்ஃபீல்டு போருக்கு முன்பே செய்து முடித்திருந்தது.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு முதலில் இதில் ஆர்வம் இல்லை. அவர்கள் விரும்பியது பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16எச் போன்ற கனமான வண்டிகள். எம்20 மட்டும் போர்க்காலத்தில் 1,26,000க்கு மேல் செய்தார்கள். 496 சிசி, 160 கிலோவுக்கு மேல் எடை. அடித்துப் போட்டாலும் ஓடும், ஆனால் சேற்றில் மாட்டினால் ஒரு ஆளால் இழுக்க முடியாது. பாராசூட் படை உருவான பிறகுதான் கேள்வி மாறியது. வானத்தில் இருந்து குதிக்கிறவன் தன்னோடு எதைக் கொண்டுபோக முடியும்? குதித்தவர்கள் பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவனுக்கு ஒரு வண்டி வேண்டும். அது வேலியைத் தாண்ட வேண்டும், வாய்க்காலைத் தாண்ட வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அப்போதுதான் ராயல் பேபியின் ஞாபகம் வந்தது.

இதே வேலைக்கு வேறு வண்டிகளும் இருந்தன. வெல்பைக் என்று ஒன்று, 98 சிசி, மடித்தால் ஆயுதம் போடும் உருளைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். சர்க்கஸில் கரடி ஓட்டுமே, அந்த அளவு. சக்கரம் சின்னது என்பதால் கரடுமுரடான தரையில் திணறியது. ஜேம்ஸ் எம்எல் என்று இன்னொன்று, அது நல்ல வண்டி. ஆனால் இந்தக் கட்டுரைக்குள் இன்று ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம்.

கூண்டில் போட்டு இறக்கியதைப் போலவே கிளைடரில் ஏற்றியும் இந்த வண்டிகளைக் கொண்டுபோனார்கள். ஹோர்சா கிளைடர் முழுக்க முழுக்க மரம். நாற்காலி, மேசை செய்துகொண்டிருந்த பட்டறைகள் போர்க்காலத்தில் அதன் பாகங்களைச் செய்தன. இன்ஜின் இல்லாத மர விமானத்தில் 59 கிலோ வண்டியைக் கட்டிவைத்துக்கொண்டு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பான். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதே வட்டாரத்தில் இருக்கும் ஆர்ன்ஹெம் நகரில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். 1944 செப்டம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கொண்ட பிரிட்டிஷ் முதலாவது வான்வழிப் படைப் பிரிவு அங்கே ரைன் நதிப் பாலத்தைப் பிடிக்க இறங்கத் தொடங்கியது. இறங்கிய வெளிகள் பாலத்தில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. காட்டுப் பகுதியில் ரேடியோக்கள் சரியாக வேலை செய்யவில்லை. பாலத்தில் இருந்தவர்களுக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் பேச்சே அறுந்துபோனது. ஒரு சேதியைச் சொல்ல ஒரு ஆள் நேரில் போக வேண்டிய நிலை. போகிற வழியெல்லாம் ஜெர்மன்காரர்கள். இந்தத் தெள்ளுப்பூச்சி செய்யப்பட்டதே அந்த ஒரு வேலைக்குத்தான்.

எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 25 இரவு, மழையில், மிஞ்சியவர்கள் சின்னப் படகுகளில் ரைனைக் கடந்து பின்வாங்கினார்கள். சத்தம் வரக்கூடாது என்று பூட்ஸில் கம்பளித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆற்றின் தென்கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கால்பங்குக்கும் குறைவு. படகில் ஆளுக்கே இடம் இல்லை. நீந்தியவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் பெரியவர் சொன்ன ஒன்று எனக்குள் இறங்கியது. “எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்த வண்டி ஆர்ன்ஹெமுக்கு வந்ததா என்று. வந்த வண்டிகள் இங்கேயேதான் கிடந்தன. எரிந்தன, நசுங்கின, பழைய இரும்புக்குப் போயின. ஒன்றையாவது யாராவது படகில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்களா? என்னுடையது இங்கிலாந்தில் ஒரு கோழிப்பண்ணையில் கிடைத்தது. அப்படியென்றால் இது பெரும்பாலும் வராத வண்டி.”

சேகரிப்பவர்களின் உலகத்தைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் புரியும். போர்க்கால வண்டிக்கு மதிப்பு வருவது அது எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான். “இது அந்தப் பாலத்துக்குப் போன வண்டி” என்று ஒரு வாக்கியம் சேர்ந்தால் விலை எகிறும். கூண்டு உடன் இருந்தால் இன்னும் ஏறும். அசல் கூண்டு அபூர்வம், புதிதாகக் குழாயை வளைத்து, பெயிண்ட் அடித்து, துருவும் ஏற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். போருக்குப் பிறகு ராயல் என்ஃபீல்டு இதே வண்டியை ஆர்இ 125 என்று பொதுமக்களுக்கும் விற்றது. அதை வாங்கிப் பச்சை அடித்து, பாராசூட் படையின் பெகாசஸ் சின்னத்தை, அந்தச் சிறகுள்ள குதிரையை, எழுதிவிட்டால் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர்கள் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள், சைலன்சர் ஒன்றா இரண்டா என்று பார்ப்பார்கள், ஹேண்டில்பார் சுழலுமா என்று திருகிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு மூலையில் மேல் பெயிண்டைச் சுரண்டிப் பார்ப்பார்கள்.

பெரியவரும் அதைத்தான் செய்திருக்கிறார். 1990களில் விளம்பரம் பார்த்துப் போய் வாங்கியபோது வண்டி மூன்று அட்டைப் பெட்டிகளில் இருந்ததாம். கோழிப்பண்ணைக்காரர் இருபது வருடத்துக்கு மேல் முட்டைக்கூடையைப் பின்னால் கட்டி அதில் சந்தைக்குப் போயிருக்கிறார். சிவப்பு பெயிண்ட் அவர் அடித்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் பிளேடுமாக டேங்கின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கை அளவு சுரண்டியதும் பச்சை வந்தது. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அவர் வந்து பார்த்துவிட்டு, “அந்த மனிதருடைய சிவப்பையும் முழுசாக எடுத்துவிடப் போகிறீர்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதோடு பிளேடைக் கீழே வைத்தவர்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, திட்டு அந்த அளவிலேயே இருக்கிறது.

எனக்கு இதில் அந்த அம்மாளின் பக்கம்தான். புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளைச் சுற்றியவள் நான், அப்பாவோடு. ஒரு வண்டியைப் பிரித்து, மணல் அடித்து, குரோம் போட்டு, பளபளவென்று நிறுத்துவதில் என்ன உழைப்பு இருக்கிறது என்று தெரியும், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி நிறுத்திய வண்டியில் 1944ம் இல்லை, கோழிப்பண்ணையும் இல்லை. நேற்றைய பெயிண்ட்தான் இருக்கிறது. ராணுவம் இதைத் தூக்கிப் போடத்தான் செய்தது, வாரக் கணக்கில் ஓடினால் போதும் என்று செய்தது. அப்படிச் செய்த பொருளில் இருபது வருடம் முட்டை விற்றிருக்கிறார் ஒருவர். பெயிண்ட் வழிந்து காய்ந்த துளி ஒன்று டேங்கின் அடியில் அப்படியே இருக்கிறது. அந்தத் துளியைத் துடைத்தால் அந்த மனிதர் இந்த உலகத்தில் இருந்ததற்கு மிச்சம் என்ன இருக்கும்?

மைதானத்தில் கூட்டம் மொய்த்தது வேறு வண்டிகளைத்தான். சைடுகாரோடு 400 கிலோ தாண்டும் பிஎம்டபிள்யூ ஆர்75ஐச் சுற்றி நிற்க இடமில்லை. சைடுகார் சக்கரமும் இன்ஜின் சக்தியில் சுழலும், ரிவர்ஸ் கியர் உண்டு, பிரமிக்க வைக்கிற இயந்திரம்தான். பிடித்தவர்களுக்கு அது பிடிக்கட்டும். அங்கே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த வண்டியைப் பார்த்தால் ராணுவம் தெரிகிறது. இந்த வண்டியைப் பார்த்தால் ஒரு ஆள் தெரிகிறான்.

“தூக்கிப் பாருங்கள்” என்றார் பெரியவர்.

தன் வண்டியைப் பார்க்க வருகிறவர்களில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களை அவர் இப்படிச் செய்யச் சொல்வாராம். ஓட்டத் தரமாட்டார். முன்னால் அவருடைய பேரன் பிடித்துக்கொண்டான், பதினெட்டு வயது இருக்கும். நான் பின்னால் போய்க் குனிந்து ஒரு கையால் சீட்டுக்கு அடியில் சட்டத்தையும் இன்னொரு கையால் பின் கேரியரையும் பிடித்தேன். மூன்று எண்ணித் தூக்கினோம். வேலி என் இடுப்பு உயரம். இரும்பு உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. மூச்சு பிடித்தது, ஆனால் வந்துவிட்டது. பின் சக்கரம் வேலியின் மேல் கட்டையில் ஒருமுறை உரசி மெல்லச் சுழன்றது. அந்தப் பக்கம் இறக்கிவைத்ததும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கனத்தினால் மட்டும் இல்லை. பகலில், சுற்றிலும் ஐஸ்கிரீம் விற்கும்போது, இன்னொரு ஆள் உதவியோடு தூக்கிய எனக்கே இப்படி. முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியுமாக, இருபது வயதுப் பையன் ஒருவன் இருட்டில் தனியாக இதைத் தூக்கியிருப்பான்.

பேரன் பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரை விரலால் இரண்டு அழுத்து அழுத்தி, கிக்கரை மிதித்தான். மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சர் வழியாக வருவதால் சத்தம் மெத்தென்று இருந்தது, மெத்தைக்கு அடியில் வைத்த டிவிஎஸ் 50 மாதிரி. நீலப் புகை புதர்வெளியின் மேல் தாழ்வாகப் பரவியது. ஆயில் கருகும் அந்த வாசம். கண்ணை மூடினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை.

அப்போதுதான் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மாலை ஆகியிருந்தது. பனியனோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“இது நம்ம கம்பெனி வண்டியா?”

“ஆமாப்பா. 1940கள்ல பண்ணது. விமானத்துலேர்ந்து பாராசூட்டுல போடுவாங்களாம்.”

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “முன்னாடி கொண்டு போ, ஃபோர்க்குகிட்ட” என்றார். கொண்டுபோனேன். “ரப்பரா? ஸ்பிரிங் இல்லையா? அந்த ரப்பர் புதுசு. அந்தக் காலத்து ரப்பர்னா இத்தனை வருஷத்துல பிஸ்கட் மாதிரி உடைஞ்சிருக்கும். எங்கே வாங்கினார்னு கேளு.”

கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, டிராக்டர் டியூபை வளையம் வளையமாக வெட்டியது என்றார். எத்தனை முறை வெட்டினாலும் இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடுகிறதாம். அதைச் சொன்னதும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. வளையத்தின் உள் அகலம் என்ன, தடிப்பு என்ன, எத்தனை வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பெரியவர் சட்டைப் பையில் இருந்து ஸ்கேலை எடுத்து அளந்து சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன், அப்பா பால் கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். அம்பத்தூரில் தெரிந்த ஒருவர் அச்சு போட்டு ரப்பர் வார்ப்பாராம்.

1955ல் ராயல் என்ஃபீல்டு சென்னையில் கால் வைத்தது இந்திய ராணுவத்துக்கு புல்லட் செய்து கொடுப்பதற்காக. ரெட்டிச் தொழிற்சாலையை 1967ல் மூடினார்கள், 1970ல் இங்கிலாந்தில் கடையையே கட்டிவிட்டார்கள். திருவொற்றியூரில் மட்டும் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. 2018ல் சென்னையில் இருந்து இந்தத் தெள்ளுப்பூச்சியின் நினைவாகப் பெகாசஸ் என்ற பெயரில் ஆயிரம் வண்டி மட்டும் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். 2024 நவம்பரில் ஃபிளையிங் ஃபிளீ என்ற பெயரிலேயே ஒரு மின்சார வண்டியைக் காட்டினார்கள், அதன் முன் ஃபோர்க்கும் பழைய வண்டியின் ஜாடையில் இருக்கிறது. இதெல்லாம் அப்பாவுக்குப் பேப்பரில் படித்துத் தெரியும். பார்த்ததில்லை. அசலையும் அன்றைக்குத்தான், ஆறங்குலத் திரையில், என் கைநடுக்கத்தோடு பார்த்தார்.

போனை வைப்பதற்கு முன்னால் கேட்டார். “ஓட்டிப் பாத்தியாம்மா?”

“இல்லப்பா. தூக்கிப் பாத்தேன்.”

“கனம் எவ்ளோ?”

“59 கிலோ.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தொழிற்சாலை லைனில் புல்லட்டைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கை அவருடையது. “நீ எந்தப் பக்கம் புடிச்ச?” என்றார்.

“பின்னாடி.”

“பின்னாடிதான் கனம் அதிகம்” என்று சொல்லிவிட்டு, ரப்பர் எத்தனை வேண்டும் என்பதை மறுபடியும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.